பஸ் கடிதத்தைத் தேடிய சனிக்கிழமை

பெரகல சந்தியில் நான் நடத்தும் கடை சின்னது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோகாப்பி மெஷின், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகள். கடிதம், விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் தமிழில் அடித்துக் கொடுப்பேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கீழே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கொழுந்து எடுக்கிறவர்; அங்குள்ள மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். அரை நாள் வேலை முடித்து, சேலை மாற்றிக்கொண்டு ஏற்றம் முழுக்க நடந்தே வந்திருந்தார்.

"தங்கச்சி, எங்க தோட்டத்துக்கு வர்ற பஸ்ஸ மறுபடி நிப்பாட்டிட்டாங்க. முன்னாடி டிப்போவுக்கு ஒரு கடுதாசி அடிச்சிக் குடுத்தீங்கல்ல, அதேதான். தேதிய மட்டும் மாத்திக் குடுங்க. அஞ்சு நிமிஷ வேலதானே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அதை அடித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன பெயரில் சேமித்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை.

தேடும் கட்டத்தில் 'பஸ்' என்று அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது. ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருந்ததால், யார் யாரோ கொடுத்த பிஸினஸ் பதிவுப் படிவங்கள் பதினொன்று வந்து நின்றன. 'கடிதம்' என்றதற்கு அது இன்டர்நெட்டுக்கே ஓடிப்போய், காதல் கடிதம் எழுதுவது எப்படி என்று காட்டியது.

அக்கா எட்டிப் பார்த்தார். "இது யாருக்குங்க? டிப்போ மேனேஜருக்கா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் நான் பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத்தான் அது தமிழ். கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். உள்ளே எத்தனை முறை பஸ் என்று எழுதியிருந்தாலும் அதற்குத் தெரியாது. சரி, அதன் பாஷையிலேயே கேட்போம் என்று பழைய முறைப்படி விசைகளைத் தட்டினேன். தேடுகிற வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

கடைசியில் அவரே பொறுமை இழந்தார். "விடுங்க தங்கச்சி. எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். காலையில் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறார்கள், கிளினிக் நாளில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், மழையில் எந்த வளைவில் மண் சரிகிறது. எனக்கிருந்த எரிச்சலில் அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சங்க முத்திரை குத்தி எடுத்துப் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பஸ் ஓடத் தொடங்கியது.

அதற்கப்புறம் ஒருவர் கோயில் திருவிழா நோட்டீஸ் கேட்டு வந்தார். பழைய ஃபைலைத் திறந்தால், தேர்த் திருவிழாவுக்குப் பதிலாக அந்தப் பழைய பஸ் கடிதம்! நோட்டீஸின் மேலேயே அடித்து, அதே பெயரில் சேமித்திருக்கிறேன். நோட்டீஸும் போச்சு.

அடுத்த முறை அக்கா வந்தபோது இரண்டு கடிதத்தையும் பிரிண்ட் எடுத்து முன்னால் வைத்தேன். பழையதில் 'தாழ்மையுடன்' நான்கு இடத்தில், 'தயவு கூர்ந்து' மூன்று இடத்தில். மண் சரியும் வளைவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. புதியதில் ஒரு தாழ்மையும் இல்லை.

"மனப்பாடம்னு சொன்னீங்களேக்கா?"

அவர் பழையதை மெதுவாக வாசித்தார். "நான் அன்னைக்கும் இதேதான் சொன்னேன். இந்தத் தாழ்மையெல்லாம் ஒங்க கைச்சரக்குங்க. வளைவ நீங்கதான் விட்டுட்டீங்க."

கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நானே சேர்த்தும் வெட்டியும் இருக்கிறேன்.

"பழச அழிச்சிருங்க," என்றார்.

அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்பதைச் சொன்னேன்.

என் தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையைப் பார்த்தே பதில் சொன்னார்: "ஆமாங்க."