நொட்டையாரும் கிளிப்பச்சைக் காரும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. சட்டைத் தொழிற்சாலையில் நேரில் "சார்", முதுகைத் திருப்பினால் "நொட்டையார்". நொட்டை சொல்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர் என்பதால் அந்தப் பட்டத்தில் தப்பொன்றும் இல்லை.

தைத்து முடிந்த சட்டைகள் அவர் மேசைக்கு வரும். குழல்விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். நூல் பிசிறு, கோணல் தையல், மயிரிழை தள்ளி நிற்கும் பொத்தான், ஒரு கைக்கும் மறு கைக்கும் துளி நிற வித்தியாசம். கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். சரியாக இருக்கும் சட்டைக்கு என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். அடுத்த சட்டையை எடுப்பார்.

இந்தப் புத்தியைத் தொழிற்சாலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் வீட்டில் இருப்பவர்கள் பிழைத்துப் போவார்கள். மனுஷன் வீட்டுக்கும் கொண்டுவருவார். அவர் மனைவி வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள். கேக்கைச் சீராக்கும்போது வெட்டிப்போடும் ஓரங்களெல்லாம் இவருக்குத்தான். தட்டோடு வாங்கி, நின்றபடியே தின்று, விரலை நக்கிவிட்டு, "ஓரம் கொஞ்சம் காய்ஞ்சு போச்சு" என்பார். காய்ந்து போனதை ஒரு துணுக்குகூட விடாமல் எப்படித் தின்றீர் என்று கேட்க ஆளில்லை.

அப்படிப்பட்டவரிடம் கார் வாங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஓட்டல் ஒன்று அவர் மனைவியின் கேக்கைச் சாப்பிட்டுப் பார்த்து, அடுத்த மாதம் முதல் தினமும் அனுப்பச் சொல்லியிருந்தது. ஆனால் ஓட்டல் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "சொந்த வண்டி இருந்தா மட்டும் சொல்லுங்கம்மா. போன தடவை மாதிரி வாடகை வண்டில சரிஞ்சு வர்ற கேக்கு எங்களுக்கு வேணாம்." போன தடவை டாக்ஸிக்காரர் போட்ட ஒரு பிரேக்கில் இரண்டு அடுக்குக் கேக் ஒரே அடுக்காகிப் போயிருந்தது. மாதம் பிறப்பதற்குள் கார் வந்தால் வியாபாரம் உண்டு. வராவிட்டால் பழையபடி அக்கம்பக்கத்துப் பிறந்தநாள்களை நம்பிக் கிடக்க வேண்டியதுதான்.

அவள் கேட்டதும் அதிகமில்லை. சேர்த்து வைத்திருந்த காசுக்குள் ஒரு பழைய கார். வழியில் படுத்துவிடக் கூடாது. பின்னால் கேக் பெட்டி சமமாக உட்கார வேண்டும். மூன்றாவதாக ஒன்றைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னாள்: "ஓட்டறதுக்கும் கொஞ்சம் ஜாலியா இருக்கணுங்க."

"ஜாலியா? கேக்கு கொண்டு போறதுக்கு எதுக்கு ஜாலி?"

"ஓட்டப்போறது நான்தானே?"

அது உண்மை. நொட்டையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய், சொல்லிக்கொடுத்தவர் கிளட்ச் மிதிக்கிற விதம் சரியில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்.

மனைவியின் தம்பி ஊரெல்லாம் சுற்றி மருந்து விற்பவன். எங்கே எந்த வண்டி விற்பனைக்கு நிற்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி. அவன்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு அலைந்தான். முதல் கடையில் தரகர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "ஒரே ஓனர் சார். டாக்டர் வச்சிருந்த வண்டி."

"போன கடையிலயும் டாக்டர் வண்டின்னாங்களே" என்று தம்பி சும்மா அளந்துவிட்டான். "ஊர்ல இருக்கிற டாக்டருங்க எல்லாரும் வண்டிய வித்துட்டு நடந்தா போறாங்க?"

நொட்டையார் குனிந்தார். கால்மிதியைத் தூக்கினார், மோந்து பார்த்தார், சீட்டுக்கு அடியில் விரலை விட்டுக் காய்ந்த சேற்றை எடுத்துத் தரகரின் மூக்குக்கு நேராக நீட்டினார். வண்டி வெள்ளத்தில் முங்கி எழுந்தது. தரகர் முகத்தில் ஈயாடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அன்று மனுஷன் குடும்பத்தைக் காப்பாற்றினார். "மாமா, நீங்க கில்லாடி" என்று மச்சினன் வேறு வாயைக் கொடுத்துத் தொலைத்தான்.

அதோடு பிடித்தது சனி. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வண்டிக்குச் சட்டைப்பையில் அம்பு ஸ்டிக்கர் சுருளோடு கிளம்பினார். குறையை எல்லாம் அம்பு போட்டுக் காட்டினால் விற்பவன் வாயடைத்து விலையைக் குறைப்பான் என்பது அவர் கணக்கு. இரண்டு கதவுக்கும் பெயின்ட் ஒரு பொட்டு வித்தியாசம் என்று நல்ல வண்டி ஒன்றைத் தள்ளினார். சாம்பல் கிண்ணத்தின் மூடி ஆடுகிறது என்று இன்னொன்றைத் தள்ளினார். இவர் பரம்பரையில் சிகரெட் பிடித்தவர் எவரும் இல்லை. வேறொன்றில் குறை எதுவும் அகப்படவில்லை. "ஒண்ணுமே இல்லன்னா எங்கயோ மறைச்சிருக்கான்" என்று அதையும் தள்ளினார்.

"பழைய காருங்க இது" என்று மனைவி பல்லைக் கடித்தாள். "பழசுன்னா நாலு இடத்துல பழசா இல்லாம பின்ன எப்படி இருக்கும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பேசாம வா."

அவளும் பேசாமல்தான் வந்தாள். நாள்கள் போய்க்கொண்டே இருந்தன. மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

மாதக் கடைசியில் தம்பி ஒரு வண்டி சொன்னான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் தானே வைத்து ஓட்டிய சின்னக் கார். கண்ணில் புரை விழுந்து இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் விற்கிறார். கிளிப்பச்சை நிறம். பார்த்ததுமே மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பின்சீட்டை மடக்கினால் பலகை போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. சாவியைத் திருப்பியதும் முனகல் இல்லாமல் எழுந்தது. எப்போது எண்ணெய் மாற்றினேன், எப்போது டயர் மாற்றினேன் என்று டீச்சர் கேட்காமலே ஒப்பித்தார். விலையும் கைக்கு எட்டும்படிதான் இருந்தது.

நொட்டையார் கைவிளக்கோடு ஒரு சுற்று வந்தார். பம்பரில் கீறலுக்கு ஒரு அம்பு. கண்ணாடி ஓரத்து ரப்பர் வெடிப்புக்கு ஒன்று. எண் பலகை அரை விரல் கோணல், அதற்கொன்று. டீச்சர் மறுபக்கம் மனைவிக்குக் கியர் காட்டிக்கொண்டிருந்ததால் இந்தக் கைங்கரியம் எதையும் கவனிக்கவில்லை. பெண்கள் இருவரும் முன்னால் ஏறிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போனார்கள். அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் சிவப்போடு கார் தெருவைத் தாண்டியது. நின்றவர் போனவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

நாலு தெரு சுற்றிவிட்டு வருவார்கள் என்று பார்த்தால் வெகுநேரம் ஆளைக் காணோம். தம்பி கொட்டாவி விட்டான். கடைசியில் திரும்பி வந்தபோது மனைவியின் கூந்தல் கலைந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சரும் சிரித்துக்கொண்டிருந்தார். "மேம்பாலத்துல ஏறிச்சு பாருங்க, அடேயப்பா! காத்து மாதிரி போகுதுங்க!" என்றாள். அவள் இப்படிச் சத்தமாகப் பேசி அவர் கேட்டு வருஷக்கணக்காகி இருந்தது. அதைக் கவனித்திருந்தால் கதை வேறு. அவர் கவனித்தது ஹாரன் கொஞ்சம் கரகரப்பதைத்தான். டீச்சர் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் ஸ்டியரிங்கின் நடுவில் இன்னொரு அம்பை ஒட்டினார்.

டீச்சர் இறங்கினார். அப்போதுதான் அவர் கண்ணில் முதல் அம்பு பட்டது. குனிந்து உற்றுப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது என்று காரைச் சுற்றி வந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னது இது?"

"குறைங்க மேடம். எல்லாத்தையும் குறிச்சிருக்கேன். பார்த்து விலையக் குறைச்சுச் சொல்லுங்க."

"நானும் காலமெல்லாம் சிவப்பு மையில சுழிச்சவதான் சார்" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. வகுப்பறையில் அதற்கு அவசியம் இருந்திராது என்று தோன்றியது. "ஆனா சரியா இருக்கிற கணக்குக்கு ஒரு டிக்கும் போடுவேன். இந்த வண்டி என்னை ஒரு நாள் நடுவழியில விட்டதில்ல. அதுக்கு எங்க ஒட்டியிருக்கீங்க?"

"அதுக்கெல்லாம் ஸ்டிக்கர் கிடையாதுங்க" என்றார் நொட்டையார். உள்ளதைத்தான் சொன்னார், பாவம்.

"அப்ப உங்களுக்கு வண்டியும் கிடையாது. கிளம்புங்க."

மூக்குடைபட்டுப் பஸ்ஸில் திரும்பும் வழியில் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். "இப்படிக் கோவம் வருதுன்னா உள்ள ஏதோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். விட்டுத் தள்ளு. ஓட்டல்காரங்ககிட்ட இன்னும் ஒரு மாசம் டைம் கேளு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்ததைத் தம்பி பார்த்தான். இவர் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் கிளிப்பச்சை நின்றது. ஒரு அம்புகூட இல்லை. மனைவி எண்ணெய்த் துணியால் பசைக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டேன்" என்றாள்.

"யாரைக் கேட்டு?"

"டீச்சரம்மாவைக் கேட்டு."

"எவ்வளவு குறைச்சாங்க?"

"குறைக்கல. நான் கேக்கவும் இல்ல. நகத்தால ஒவ்வொரு ஸ்டிக்கரா உரிச்சுப் போட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கேன். இதுக்கு மேல விலை குறைங்கன்னு கேக்க எனக்கு வாய் வருமா?"

நொட்டையார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் பழக்கதோஷம், கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "ஒட்டித்தான் பாருங்களேன்" என்றாள் அவள். துணியைக் கீழே போடாமல் நிமிர்ந்தே நின்றாள். கை வெறுங்கையாக வெளியே வந்தது.

மாதம் பிறந்தது. முதல் நாளே ஓட்டலில் மூன்றடுக்குக் கேக் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். உயரமான கேக் சரிந்துவிடாமல் பெட்டியைத் தம்பி பிடித்துக்கொள்வதாக இருந்தது. அவன் வெளியூர் போய்விட்டான். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைப் பின்சீட்டில் ஏற்றி, மடியில் பெட்டியை வைத்து, இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். கிரீம் பூக்கள் நசுங்காமலிருக்க மூடியைத் திறந்தே வைத்திருந்தாள்.

அவள் ஓட்டினாள். பள்ளத்தில் பதமாக இறக்கினாள், வளைவில் வழுக்கிக்கொண்டு போனாள், மேம்பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்தினாள். பெட்டி மடியைவிட்டு அசையவில்லை. இடது கதவில் எங்கோ "டிக் டிக்" என்று ஒரு சத்தம். நொட்டையார் கேட்டார். இரண்டு கையும் பெட்டியில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"எது?"

"வண்டிதான்."

அவர் யோசித்தார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லும் வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் ஒரு சிக்னல் கடந்துபோனது.

"பரவாயில்ல" என்றார்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. அவள் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கு செய்யறேன். ஓரத்தைத் தின்னுட்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வார்த்தை சொல்லியிருப்பீங்களா? நேத்து வந்த பழைய வண்டிக்கு வந்துடுச்சு வாயில."

 நொட்டையார் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று பார்த்தால் குனிந்த இடத்தில் கேக் இருந்தது. கண் பழகிய போக்கில் மேல் அடுக்கில் சாய்ந்து நின்ற கிரீம் ரோஜா ஒன்றில்தான் முதலில் போய் விழுந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். விழுங்கியபின் வேறு வேலை இல்லாததால் கேக்கைப் பார்த்தார். இழைத்துவிட்டதுபோல் மழமழவென்று மூன்று அடுக்கு, ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல். விடிவதற்கு முன்னே எழுந்து செய்திருக்கிறாள். அவர் அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்கு நல்லா இருக்கு" என்றார். 

"சும்மா சொல்லாதீங்க. ஒரு ரோஜா சாய்ஞ்சு நிக்குதே, கண்ல படல?"

"பட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் மத்ததையும் பார்த்தேன்."

அவள் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கியரைப் போட்டாள், கால் தடுமாறி வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.