பத்து ஏன் ஒன்றாகிறது?

ரோஸி, உன்னிடம் கேட்க வேண்டியதை இனி யாரிடம் கேட்பேன்?

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் என் தங்கை ரோஸிதான் படித்தவள். நான் இரண்டாம் வகுப்போடு நின்று வீட்டு வேலைக்குப் போனவள். தம்பி சாமுவுக்கு அவள்தான் கணக்குச் சொல்லித் தருவாள். துடைப்பக் குச்சிகளை ஒடித்து, பத்து சேர்ந்ததும் நூலால் கட்டுவாள். போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

நேற்று சாமு சிலேட்டோடு என்னிடம் வந்தான். இருபத்தெட்டையும் பதினைந்தையும் கூட்ட வேண்டுமாம். எட்டுக் குச்சியும் ஐந்து குச்சியும் சேர்த்து எண்ணி, பத்தை நூலால் கட்டினேன். மீதி மூன்றை எழுதினான்.

"இந்தக் கட்ட என்னடா பண்ணணும்?"

"பக்கத்துல மேல ஒண்ணுன்னு போடணும் பெரியக்கா. உள்ள பத்து இருக்குதே, ஏன் ஒண்ணு?"

"எனக்குத் தெரியலடா."

"மிஸ் கேப்பாங்க. ரோஸிக்கா நாளைக்குச் சொல்றேன்னா."

"எப்போடா சொன்னா?"

"காய்ச்சல் வந்த அன்னிக்கி."

அந்தக் கட்டை அவிழ்த்துக் குச்சிகளை மறுபடி எண்ணினேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதா கோயில் மணி அடித்ததும் இருவரும் ஜெபத்துக்கு முழங்கால் போட்டோம். அப்போதும் அவன் சிலேட்டைக் கீழே வைக்கவில்லை.

எனக்குக் கணக்கு வராது, ஜெபம் மட்டும்தான் வரும். இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் என் ரோஸிக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள்.