எடையே போடாத குழந்தைக்கு முதல் பரிசு!

இன்று காலை எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் 'ஆரோக்கியக் குழந்தை' போட்டி!

டவுனிலிருந்து ஒரு கிளப் வந்து நடத்தியது. பேனர், சால்வை, மைக் எல்லாம் உண்டு. (ஃபேன் மட்டும் ஓடவில்லை.)

நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரப் போகிறவள். பிளஸ் டூ பாஸ், அதனால் டைப் அடிக்கத் தெரியும். ஆச்சரியப்படாதீர்கள்!

பரிசுக்காகப் போகவில்லை. என் மகள் யாழினிக்கு இரண்டு வயது. ஆறு மாதமாக எடையும் ஏறவில்லை, உயரமும் கூடவில்லை. போன வருஷத்துச் சட்டை இன்னும் அவளுக்குச் சரியாக இருக்கிறது. எங்கே காட்டினாலும் ஒரே பதில்.

"உங்க ஆளுங்க அப்படித்தாம்மா இருப்பாங்க."

ஜட்ஜாக ஒரு டயட்டீஷியன் மேடம் வருகிறார் என்றதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

கூடத்தில் ஊர் நர்ஸம்மா வெயிட் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். காலனிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக ஏறி இறங்கினார்கள். யாழினியின் இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்கச் சொன்னார் கிளப் தலைவர். கரெக்ட் வெயிட் வேண்டுமாம்!

அப்போது மளிகைக்கடைக்காரர் மனைவி சுமதி அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். அவனுக்கும் இரண்டு வயதுதான்.

"மெஷின்ல எல்லாம் ஏத்த மாட்டேங்க. கண்ணு பட்டுடும். பொறந்ததுக்கப்புறம் ஒரு தடவகூட எடை போட்டதில்ல."

தலைவர் சிரித்தார். "அதுக்கென்னம்மா, பாத்தாலே தெரியுதே!"

பார்த்தார். தெரிந்துவிட்டது. முதல் பரிசு!

(பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மேடைக்கு நாலு படி ஏறியதற்கே வாயைத் திறந்து மூச்சு விட்டான், பாவம்.)

நான் நேராக மேடத்திடம் போனேன்.

"மேடம், இவளுக்கு எடையே ஏறலீங்க. கொஞ்சம் பாருங்களேன்."

மேடம் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா வேலை பாக்கறீங்க?"

"உப்பளத்துலங்க."

"அதான். உங்க ஆளுங்க பாடி டைப்பே அப்படித்தான். பயப்படாதீங்க, ஹெல்தியாதான் இருக்கா."

அடேங்கப்பா! அம்மாவின் வேலையைக் கேட்டே பிள்ளைக்கு ரிப்போர்ட் கொடுக்கிற படிப்பு எந்தக் காலேஜில் இருக்கிறதோ!

"எங்க ஆளுங்கன்னா யாருங்க மேடம்? எங்களுக்குன்னு தனியா ஒரு மெஷின் வச்சிருக்கீங்களா?"

மேடம் கையிலிருந்த மைக் ஆனில் இருந்தது. கூடமே கேட்டது. (கடவுள் இருக்கிறார்!)

நர்ஸம்மா எழுந்து வந்தார். "இருக்கறது ஒரே சார்ட்டுதாம்மா. எந்தத் தெரு புள்ளையா இருந்தாலும் அதே கோடுதான்."

டேப்பை எடுத்து யாழினியின் உயரத்தை அளந்தார். சார்ட்டில் புள்ளி வைத்தார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே விழுந்தது.

சுமதி அக்கா எட்டிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மகனைத் தானே மெஷினில் ஏற்றினார். அவன் புள்ளி மேல் கோட்டையும் தாண்டிப் போய்விட்டது.

"அப்ப என் புள்ளைக்கும் ஏதாவது இருக்குதா?" மகனை வாரி எடுத்துக்கொண்டார் அக்கா.

தலைவர் பாய்ந்து வந்தார். "சேச்சே! வசதியான வீட்டுப் புள்ளைங்க அப்படித்தாம்மா இருக்கும்!"

ஆக, இளைத்தால் எங்கள் சாதி, பெருத்தால் அவர்கள் வசதி. டாக்டருக்குப் படித்தவர்கள் எல்லாம் வேலையற்றவர்கள்!

நர்ஸம்மா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு சீட்டு எழுதினார். ஒன்றை அக்காவிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.

"இந்த வயசுல விட்ட உயரத்த அப்புறம் பிடிக்கறது கஷ்டம். ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்மா."

"வந்தேனே! 'உங்க ஆளுங்க இப்படித்தான்'னு உங்க ஆஸ்பத்திரி வாசல்லயே அனுப்பிட்டாங்களே!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

தலைவர் சமாதானத்துக்கு ஒரு ஆறுதல் பரிசை நீட்டினார். பிஸ்கட் பாக்கெட்!

"நீங்களே சாப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக் காலை திண்டிவனம் பஸ்ஸில் கிளம்புகிறோம். சுமதி அக்காவும் மகனோடு வருகிறார்.

இனிமேல் எவராவது என் பிள்ளையைப் பார்த்து 'உங்க ஆளுங்க' என்று ஆரம்பித்தால் பதில் ரெடி:

"மொதல்ல டேப்ப எடுங்க. அப்புறம் வாயத் தொறங்க!"