செருப்பில்லாத நாளில் நின்ற சைக்கிள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் இழுத்தடித்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுப்பேன், மேலே முருகா என்று எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து என்ற கூச்சம் ஒன்று. இன்னொன்று பயம். அது போகப் போகத் தெரியும்.

இன்று காலை மூத்த மகன் என் பழைய சைக்கிளுக்குப் புதுப் பிரேக் கட்டை மாட்டினான். எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கில், வீட்டு வாசலிலேயே ஓட்டி, சடக்கென்று பிடித்துப் பார்த்தான். ரப்பர் தேய்ந்த வாசனை குப்பென்று வந்தது.

"மோட்டார் வாங்கித் தரேன்னா வேணாங்கறீங்க. இதுல என்னதான் இருக்குப்பா?"

என்ன இருக்கிறதா? நீங்களே ஒருநாள் மிதித்துப் பாருங்கள். அசாம் ஜாவா பக்கம் போனால் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைப் பலூனாக்கும். சங்கிலி கரகரவென்று கூடவே பேசிக்கொண்டு வரும். கேரியரில் மூன்று தேங்காய் இருந்தால் மூன்றும் தாளம் போடும். இந்த வயதிலும் இறக்கம் வந்தால் மிதிப்பதை விட்டுவிட்டுப் பறக்கத்தான் தோன்றுகிறது.

இறக்கம் என்றால் எனக்கு ஒன்றுதான். எங்கள் தோட்டத்துத் துரை பங்களா மேடு. அப்போது நான் செம்பனைக் குலை வெட்டுக்காரன். இதே சைக்கிள், பிரேக் மட்டும் கிடையாது. வலது காலைத் தூக்கி முன்சக்கரத்தில் செருப்பை அழுத்தினால் நிற்கும். தோட்டத்தில் பாதிப் பேருக்குச் செருப்புதான் பிரேக். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

மூத்தவன் கைக்குழந்தையாக மூச்சு இழுத்துக் கிடந்தபோது, பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று என் மனைவி பரமேஸ்வரி வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். திருவிழா அன்று காலை மேட்டு மாட்டுக்கொட்டகையில் குடத்தில் பால் வாங்கிக்கொண்டு இறங்கினோம். அபிஷேகம்வரை குடம் தரையில் படக்கூடாது. கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து அதை அணைத்துப் பிடித்திருந்தாள். கீழே கோயிலில் மேளம் ஆரம்பித்துவிட்டது. நான் விட்டேன் பாருங்கள் சைக்கிளை, உடம்பெல்லாம் சிலிர்க்க.

பாதி இறக்கத்தில் அவள் சொன்னாள், "ஏங்க, மெதுவா. கால்வா வருது."

பழக்கத்தில் காலைச் சக்கரத்தில் வைத்தேன். சுரீர் என்றது. விரதம் இருவருக்கும், பத்து நாளாகக் காலில் செருப்பே இல்லை. அந்தப் பத்து நாளும் சமதரையில் ஓட்டியதால் புத்தியில் ஏறவில்லை.

"பரமேசு, செருப்பு இல்ல."

"இப்பதான் தெரியுதா?"

எதிரே கோயிலுக்கு முன்னால் ஆழமான கால்வாய். நான் கண்ணை மூடிவிட்டேன். முதுகில் ஜில்லென்று பால் தெறித்தது. சைக்கிள் இழுபட்டு இழுபட்டு, கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கோயிலிலிருந்து ஓடிவந்தார்கள். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பிரேக்கு இல்ல, செருப்பு இல்ல, எப்படிரா நின்னுச்சு? முருகன் புடிச்சு நிறுத்துனாருப்பா." சாமி கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மதியம் அவள் கால் கழுவும்போதுதான் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. குடத்தை ஒரு கையில் அணைத்து, மறு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்து, பாதி இறங்கி, செம்மண்ணில் காலை ஊன்றியிருக்கிறாள். அந்தக் காலோடுதான் பால்குடமும் சுமந்திருக்கிறாள்.

"ஏன் புள்ள சொல்லல?"

"மாலைய போட்டுட்டாங்க. கழட்டுன்னா சொல்றது?"

கழற்ற வேண்டியவன் நான். கழற்றவில்லை. அடுத்த வருஷம் சைக்கிள் முன்னால் வேல் தெரிந்தது என்றார்கள். அதற்கடுத்த வருஷம் அந்தக் கதையில் மயில் வந்து ஹேண்டிலில் உட்கார்ந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொன்னால் சாமியைக் குறைத்ததாக ஆகுமோ என்பதுதான் என் பயம். இன்று அந்த ரப்பர் வாசனையில் ஒன்று தெளிந்தது. முருகன் அன்று வந்தது உண்மை. அவள் குதிகாலில் வந்தார்.

இப்போது அந்த மேடே இல்லை. வெட்டிச் சமமாக்கி வீடுகள் கட்டிவிட்டார்கள். கால்வாயை மூடிவிட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, கோயில் பெரிய சாலைக்கு நகர்ந்துவிட்டது, மாலை போட்ட மண்டோரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இந்தச் சைக்கிளும், அவள் குதிகாலில் இரண்டு தழும்பும்.

படித்த நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், எழுதியபடியே சொல்லுங்கள். மயிலைச் சேர்க்க வேண்டாம். குதிகாலை விட்டுவிட வேண்டாம்.