கோதுமையின் பிடி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். என் கணவர் ஊருக்கு வெளியே ஒரு மாவு மில்லில் ஃபிட்டர். அல்சூரில் சின்ன வீடு. அவருடைய அம்மாவும் எங்களோடு இருந்தார்.

ஒரு மழைக்கால முற்பகல். மாணவிகளுக்குச் சுருள்வில் சோதனை நடத்திக்கொண்டிருந்தேன். எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மில் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து ஆய்வக வாசலில் நின்றார்.

"அக்கா, அண்ணன் கோதுமைத் தொட்டியில மாட்டிக்கிட்டாரு. பேசிட்டுத்தான் இருக்காரு. சீக்கிரம் வாங்க."

வீட்டு உயர இரும்புத் தொட்டி அது. ஈரத்தில் கோதுமை கட்டிப்பட்டு, அடிவாய் வழியே இறங்காமல் நின்றிருக்கிறது. கம்பியால் குத்திவிட அவர் உள்ளே இறங்கியிருக்கிறார். மேல்பரப்பு தரைபோலக் கெட்டியாக இருந்திருக்கிறது, கீழே வெற்றிடம். நின்ற இடம் உடைந்து, சுற்றியிருந்த கோதுமை எல்லாம் அவர்மேல் சரிந்துவிட்டது.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். மார்புவரை புதைந்திருந்தார்.

"நீ எதுக்கு வந்தே? எடுத்துடுவாங்க, போ."

அக்குளில் கயிறு கட்டி இரண்டு பேர் இழுத்தார்கள். அசையவில்லை. ஆறு பேர் இழுத்தார்கள். "வேணாம்ப்பா, தோள் கழண்டுடும்," என்று அலறினார். மூச்சு விடும்போதெல்லாம் கோதுமை இன்னும் கொஞ்சம் இறங்கி அவர் மார்பை இறுக்கியது.

"கையைக் குடு," என்றார் என்னிடம். குனிந்து நீட்டினேன். எட்டவில்லை.

அடிவாயைத் திறந்தால் கோதுமை வடிந்துவிடும் என்று யாரோ நல்லெண்ணத்தில் திறந்தார்கள். கோதுமை ஓடியது. அவரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. தொட்டியை வெட்டித்தான் உடலை எடுத்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆறு பேர் பலம் ஏன் போதவில்லை? ஒரு கண்ணாடி ஜாடியில் கம்பியை நட்டு, கோதுமை நிரப்பித் தட்டினேன். கம்பியைப் பிடித்துத் தூக்கினால் ஜாடியே கூட வந்தது. இழுக்க இழுக்க மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பிடியை இறுக்கின. வில்லின் கணக்கு இங்கே செல்லாது. ஒரு கணம் தண்ணீராக ஓடுவது மறுகணம் கல்லாகிவிடுகிறது.

பிறகு கம்பியைச் சுற்றி ஒரு தகரக் குழாயை இறக்கி, குழாய்க்குள் இருந்த கோதுமையை மட்டும் கரண்டியால் அள்ளினேன். கம்பி தானாகச் சாய்ந்தது.

ஜாடியை மில் மேனேஜரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். அவரே ஒருமுறை செய்து பார்த்தார். "தகரம் ஷெட்டுக்குப் பின்னாடிதாம்மா கிடந்துச்சு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி யாராவது மாட்டிக்கொண்டால் சுற்றி இறக்க, அந்த வாரமே தொட்டியருகே தகரங்களை வளைத்து வைத்தார்கள்.

வீட்டில் அத்தையிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானா? தகரமும் கரண்டியுமா?"

"அவ்வளவுதான் அத்தை."

அவர் எழுந்து சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே போக எனக்குத் துணிவு வரவில்லை.