படித்தேன் என்று சொல்லாத கதை

மீன் கூடையை வாசற்படிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மாள் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதுச்சேரியில் பழைய ஆட்கள் மேரி என்று சொல்லும் நகராட்சிக் கட்டடத்தில் பிறப்பு, இறப்புப் பதியும் பிரிவு அது. சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துப் படிவத்தை எடுத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தலைமை எழுத்தரின் மேசை முன் நின்றார்.

"புஸ்தகத்துல தொடர்கதை எழுதறது நீதான சாமி? வைத்திக்குப்பத்துலேர்ந்து வரேன். எம் பொண்ணு வாராவாரம் படிச்சுச் சொல்லுது. அந்தக் கதவ யாரு பூட்டனது? எனக்கு மட்டும் சொல்லு. வெளிய சொல்ல மாட்டேன்."

சார் பேனாவை மூடி வைத்தார். அவர் காதுமடல்கள் சிவந்துபோயிருந்தன. "இன்னும் நாலு வாரம் பொறும்மா, தெரிஞ்சிடும்" என்றார். பதினைந்து வருடமாக எழுதிக்கொண்டிருந்தவர். முன்பின் தெரியாத ஒரு வாசகர் அவரைத் தேடி வந்தது அன்றுதான் முதல்முறை.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அதுவரை சார் இரண்டு நாவல்கள் எழுதியிருந்தார். ஒரு வாக்கியம் தொடங்கினால் பக்கத்தின் அடிவரை போகும். நடுவில் மூச்சுவிட இடம் இருக்காது. அந்த எழுத்துக்கு எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. ஞாயிறு காலைகளில் ஒரு தட்டச்சுப் பள்ளியின் பின்னறையில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் கூடுவோம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தலைவர். நான் ஒருத்திதான் பெண். சாரின் வாக்கியங்களைச் சத்தமாகப் படித்துவிட்டு, இது எல்லாருக்கும் எட்டாது என்று தலைவர் சொல்வார். எட்டாத ஒன்று எனக்கு எட்டியிருக்கிறது என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

முதல் நாவல் ஒரு தீ விபத்தைப் பற்றியது. உழவர்கரைப் பக்கம் ஒரு சிறிய நூல் பட்டறையில் தீப்பிடித்து, வெளியே பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால் மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அவர்கள் பெயரை இறப்புப் பதிவேட்டில் எழுதியவர் சார்தான். மூன்றாவது பெயரை எழுதும்போது வயதைத் தப்பாகச் சொல்கிறார்களோ என்று இரண்டு தடவை கேட்டாராம். பதினேழுதான் என்றார்களாம். நாவல் அச்சாகி வந்ததும் அந்தப் பெண்ணின் தாயிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அது மகள் படத்துக்குக் கீழே, அட்டையில் குங்குமத்தோடு இருந்தது.

"பொஸ்தகத்துக்குப் பூ வெச்சிருந்தாங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். "வீட்ல நாலு பேரு படிக்கத் தெரிஞ்சவங்க. ஒருத்தராலயும் மூணு பக்கத்தத் தாண்ட முடியல. நான் யாருக்கு எழுதனேன்?"

அதன் பிறகுதான் அதே தீயை, அதே கதவைத் துப்பறியும் கதையாக ஒரு வார இதழுக்கு எழுதத் தொடங்கினார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீஸில் பிரிகாடியேவாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர், கதவைப் பூட்டியது யார் என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். சாரின் கையெழுத்து அச்சுக்கோப்பவருக்குப் புரியாது. மதிய உணவு வேளையில் நான்தான் படியெடுத்துக் கொடுப்பேன். வாக்கியங்கள் சின்னதாகிவிட்டிருந்தன. நான்கு சொல், ஐந்து சொல். முதல் அத்தியாயத்தைப் படியெடுத்து முடித்தபோது என் சோறு தொடாமல் இருந்தது. அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அரியாங்குப்பம் போகும் பேருந்தில் பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். மில் வாசலில் ஒருவர் படிக்க ஆறு பேர் கேட்டார்கள். எங்கள் வட்டத்துக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. சந்தையில் விற்கிற சரக்கு என்றார் ஒருவர். பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் அவர் பெயர் தொங்குவதைப் பார்த்து வெட்கமாயிருந்தது என்றார் இன்னொருவர். கண்டனத் தீர்மானம் ஒன்றைத் தலைவர் எழுதினார். அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். செய்தேன். அதன் அடியில் ஏழாவதாகக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரும் வந்திருந்தார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தலைவர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் சார் ஒன்றுதான் கேட்டார்.

"இதுல யாராவது அத படிச்சீங்களா?"

படிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்றார் தலைவர். சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்று அவர் நினைத்தார். நான் பார்த்தேன், அவர் திரும்பாததை. வட்டத்தின் சிற்றிதழில் என் முதல் கதை அடுத்த மாதம் வருவதாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. கதை வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அடுத்த அத்தியாயத்தை வழக்கம்போல என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

கடைசி அத்தியாயத்தில் பிரிகாடியே யாரையும் பிடிக்கவில்லை. பூட்டச் சொன்னது மேஸ்திரி. பூட்டியது அந்தப் பெண்களோடு ஒரே தட்டில் சாப்பிட்ட, கூட வேலைசெய்த ஒருத்தி. வேலை போய்விடும் என்ற பயம். தினமும் பூட்டுவது தெருவுக்கே தெரியும். யாரைக் கைது செய்வது என்று தெரியாமல் கிழவர் வீட்டுக்கு நடந்து போகிறார், கதை முடிகிறது. இதழுக்கு மூட்டையாகக் கடிதம் வந்தது. இருபது வாரம் காக்க வைத்து ஏமாற்றினான் என்றார்கள். குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குத் துப்பறியும் கதை எதற்கு என்றார்கள். இதழ்க்காரர்கள் அவற்றை ஒரு பையில் போட்டு அவருக்கே அனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்.

இரண்டு வாரம் கழித்து அவர் பெயரிலேயே புதிய கடைசி அத்தியாயம் ஒன்று வெளிவந்தது. வேறு யாரோ எழுதியது. எங்கிருந்தோ ஒரு கடத்தல்காரன் வந்தான். பிரிகாடியே அவனைச் சுட்டார். கடையில் வாங்கிப் படித்துத்தான் சாருக்கே தெரிந்தது. அந்த வாரமே வைத்திக்குப்பத்து அம்மாள் மறுபடி வந்தார். வாழையிலையில் கட்டிய வஞ்சிரத்துண்டை மேசையில் வைத்தார். "இப்பதான் சாமி நல்லா முடிச்ச. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ." அது நான் எழுதியதில்லை என்று சார் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் எழுதவேயில்லை. பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் எழுதியதோடு சரி. ஓய்வுபெற்று, எண்பதுகளின் நடுவில் இறந்தார். மாதா கோயிலில் அவருக்காகப் பூசை முடிந்த அடுத்த ஞாயிறு வட்டம் இரங்கல் கூட்டம் நடத்தியது. எல்லாரும் முதல் இரண்டு நாவல்களைப் பற்றிப் பேசினார்கள். தொடர்கதையை அவர் வாழ்வின் சிறு சறுக்கல் என்று தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். அப்போது எனக்கு இரண்டு புத்தகங்கள் வந்திருந்தன. மேடையில் இடம் இருந்தது. எழுந்து, அந்தத் தொடர்கதையை முழுவதும் படித்தவள் நான், படியெடுத்தவளும் நான், அதுதான் அவருடைய சிறந்த எழுத்து என்று சொன்னேன். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து வாசலில் சாரின் மனைவியைப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில், கையில் ஜெபமாலையோடு நின்றார். என் தைரியத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

"நீ படிச்சது அவருக்குத் தெரியும்மா" என்றார். "அன்னிக்குக் கூட்டத்துலேர்ந்து வந்து, அந்தப் பொண்ணுக்குக் கதை வரணும், அதான் பேசலன்னு சொன்னாரு. சாப்பிடச் சொன்னேன், பசியில்லன்னுட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். நான் உள்ளே திரும்பிப் போனேன். என் பேச்சைக் கட்டுரையாக எழுதித் தரும்படி தலைவர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன், நல்ல பெயர் கிடைத்தது.