இல்லாத ஃபேக்ஸை நீக்கிய நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், துடியலூரில் ஒரு பம்ப் கம்பெனியின் லினக்ஸ் கணினி என் பொறுப்பில் இருந்தது. பழைய ஃபேக்ஸ் மென்பொருளை முறைப்படி நீக்காமல், அதன் கோப்புகளைக் கையாலேயே அழித்துவிட்டேன். மறுநாள் புதியதை ஏற்றப் போனால், பட்டியலில் பழையது இன்னும் இருக்கிறது, முதலில் அதை நீக்கு என்றது கணினி. நீக்கப் போனால், நீக்கும் முன் ஃபேக்ஸை நிறுத்த வேண்டும், நிறுத்தும் கோப்பைக் காணோம், நீக்க முடியாது என்றது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, அதான் நேத்தே அழிச்சுப்போட்டீங்களே?"

"அழிச்சதுதானுங்க தப்பு. இருந்தாத்தான் எடுக்க முடியுமாம்."

காணாமல் போன அந்தக் கோப்பின் பெயரிலேயே, எதையும் செய்யாத ஒரு கோப்பை எழுதி வைத்தேன். கணினி அதை இயக்கி, ஃபேக்ஸ் நின்றுவிட்டதாக நம்பி, சமர்த்தாக நீக்கியது.

முதலாளி யோசித்தார். "இல்லாததைக் கொண்டாந்து வெச்சு எடுத்துப்போட்டீங்க. இதுக்கு நாலு வருசம் படிக்கோணுமுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.